சர்க்கரையும் பக்கவாதமும்: ஒரு பராமரிப்புப் பொறியாளனின் பார்வை

(முன்னாள் மாணவர் சங்கக் கூடுகை விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"ஏதாவது டெக்னிக்கல் தலைப்பா எடுத்துக்கோங்க" என்றுதான் செயலாளர் என்னிடம் சொன்னார். சர்க்கரை நோயும் பக்கவாதமும் என்று நான் சொன்னதும் போனில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "தம்பி, நீங்க மெக்கானிக்கல்தானே?" என்று கேட்டார். ஆமாம் ஐயா, மெக்கானிக்கல்தான். 2011-இல் இங்கிருந்து வெளியே போனவன். ஒரு தொழிற்சாலையில் பாய்லர், பம்ப், பைப்லைன் எல்லாவற்றுக்கும் பராமரிப்பு பார்க்கிறவன். மருந்து எழுதித் தரும் யோக்கியதை எனக்குக் கிடையாது, அதை இங்கே செய்யப் போவதும் இல்லை. ஆனால் குழாய்கள் எப்படி உள்ளுக்குள்ளேயே கெடும், கெட்டது எப்படி வெளியே தெரியாமல் இருக்கும் என்பது எனக்குத் தினசரிப் பிழைப்பு. பக்கவாதம் என்பதும் அடிப்படையில் ஒரு குழாய் கெட்டுப்போன கதைதான். ஆகவே தலைப்பு டெக்னிக்கல்தான், தைரியமாகக் கேட்கலாம்.

முதலில், எதற்காக இந்தப் பேச்சு? இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் துணையோடு நாடு முழுக்க நடந்த பெரிய ஆய்வு ஒன்றின் முடிவு 2023-இல் வெளிவந்தது. இந்தியாவில் சுமார் 10 கோடியே 10 லட்சம் பேருக்குச் சர்க்கரை நோய். பெரியவர்களில் நூற்றுக்கு 11.4 பேர். இன்னும் 13 கோடியே 60 லட்சம் பேர் வாசற்படியில் நிற்கிறார்கள். அதாவது, சர்க்கரை ஏறத் தொடங்கிவிட்டது, நோய் என்று சொல்லும் அளவுக்கு இன்னும் வரவில்லை. இந்த அரங்கில் ஐந்நூறு பேர் இருக்கிறோம் என்று வைத்துக்கொண்டால், கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளலாம். நம்மவர்களுக்கு இது மேலை நாட்டாரைவிடச் சுமார் பத்து வருஷம் முன்னதாகவே வருகிறது என்பதும் மருத்துவர்கள் பல காலமாகச் சொல்லி வருவது. அதனால் இது பென்ஷன் வாங்குகிற வயதுக்காரர்கள் பிரச்சினை என்று என் வயதுக்காரர்கள் ஒதுங்கிக்கொள்ள முடியாது.

சரி, சர்க்கரை என்றால் நமக்கு என்ன ஞாபகம் வருகிறது? காலில் புண், கண் பார்வை, கிட்னி. இவை மூன்றையும் எல்லாரும் சொல்வார்கள். மூளை என்று சொல்கிறவர் குறைவு. பக்கவாதம் என்றால் "பிரஷர் ஏறிடுச்சு, கை கால் விழுந்துடுச்சு" என்று பேசுவோம். அந்த வீட்டில் பத்து வருஷமாகச் சர்க்கரை மாத்திரை டப்பா ஒன்று அலமாரியில் இருந்திருக்கும். இரண்டுக்கும் முடிச்சுப் போட நமக்குத் தோன்றுவதில்லை.

முடிச்சு இருக்கிறது. 102 ஆய்வுகளையும், கிட்டத்தட்ட ஏழு லட்சம் மனிதர்களையும் ஒன்றாகச் சேர்த்துப் பார்த்து 2010-இல் ஒரு பெரிய கணக்கு வெளியானது. சர்க்கரை நோய் உள்ளவருக்கு, ரத்தக்குழாய் அடைப்பால் வரும் பக்கவாதத்தின் ஆபத்து மற்றவரைப்போல் சுமார் 2.3 மடங்கு. குழாய் வெடித்து ரத்தம் கசிவதால் வரும் பக்கவாதத்துக்குச் சுமார் 1.6 மடங்கு. வயது, புகைப் பழக்கம், உடல் எடை, ரத்த அழுத்தம் இவற்றையெல்லாம் கழித்துவிட்டுப் பார்த்த பிறகு நிற்கும் கணக்கு இது.

எப்படி இது நடக்கிறது? இங்கே நம்ம பாடத்துக்கு வருவோம். ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ் வகுப்பில் பாய்சூய் சமன்பாடு படித்தோமே, ஞாபகம் இருக்கிறதா? குழாயில் போகும் ஓட்டம், ஆரத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது. அரியர் வைத்தவர்களுக்கு நிச்சயம் ஞாபகம் இருக்கும். ஆனால் அந்தப் பாய்சூய் ஒரு மருத்துவர் என்பதை நமக்கு யாரும் சொல்லவில்லை. பிரான்ஸ் நாட்டுக்காரர். ரத்தம் நுண்ணிய குழாய்களில் எப்படி ஓடுகிறது என்று தெரிந்துகொள்ளத்தான் 1840-களில் கண்ணாடிக் குழாய்களை வைத்துச் சோதனை செய்தார். அவர் மனித உடம்புக்காகக் கண்டுபிடித்ததை நாம் பம்ப்புக்கு வைத்துக்கொண்டோம்; இப்போது வட்டியோடு திருப்பிக் கொடுப்போம்.

கணக்கைப் பாருங்கள். ஒரு குழாயின் ஆரம் பத்து சதவீதம் குறைந்தால் ஓட்டம் பத்து சதவீதம் குறைவதில்லை, மூன்றில் ஒரு பங்கு போய்விடுகிறது. ஆரம் பாதியானால் ஓட்டம் பதினாறில் ஒரு பங்கு. ரத்தம் தண்ணீர் இல்லை, ரத்தக்குழாய் இரும்புக் குழாயும் இல்லை. உடம்பு தன்னால் முடிந்தவரை சரிக்கட்டிப் பார்க்கும். ஆனாலும் கணக்கு போகிற திசை அதுதான். மூளையின் ஆழத்துக்குள் போகும் குழாய்கள் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான விட்டம் உள்ளவை. அதில் இழப்பதற்கு என்ன இருக்கிறது?

ரத்தத்தில் சர்க்கரை அதிகமாக ஓடிக்கொண்டே இருந்தால் அது குழாய்ச் சுவரின் புரதங்களோடு ஒட்டிக்கொள்கிறது. சுவர் விறைக்கிறது. நல்ல குழாய்க்கு உள்ளே மெல்லிய பூச்சு மாதிரி ஒரு செல் அடுக்கு உண்டு. தேவைக்கு ஏற்பக் குழாயை விரித்துக் கொடுப்பதும், ரத்தம் அங்கே உறையாமல் பார்த்துக்கொள்வதும் அதன் வேலை. சர்க்கரை அந்தப் பூச்சைக் கெடுக்கிறது. பூச்சு கெட்ட இடத்தில் கொழுப்பு படிகிறது. ரத்தத் தட்டுகள் வழக்கத்தைவிடச் சீக்கிரம் ஒட்டிக்கொள்கின்றன. உறைந்த கட்டியைக் கரைக்கிற உடம்பின் சொந்த ஏற்பாடும் மந்தமாகிறது. ஆக, பாய்லர் டியூபில் செதில் கட்டுவதும், வால்வு ஒட்டிக்கொள்வதும், டிரெயின் அடைப்பதும் ஒரே நேரத்தில் நடக்கிறது. இதற்கு மேல் ரத்தக் கொதிப்பும் சேர்ந்தால், பழுதான லைனில் பிரஷரை ஏற்றி ஓட்டுகிற கதை. நம்ம பிளான்ட்டில் யாராவது அப்படிச் செய்தால் மெமோ கொடுப்போம்.

நம் உடம்பின் எடையில் மூளை இரண்டு சதவீதம்தான். ஆனால் நாம் ஓய்வாக இருக்கும்போது செலவாகிற ஆக்சிஜனில் ஐந்தில் ஒரு பங்கை அது எடுத்துக்கொள்கிறது. சேமிப்புத் தொட்டி என்று அதற்கு ஒன்றும் கிடையாது. சப்ளை நின்றால் நிமிஷக் கணக்கில் சேதம். ஒரு பெரிய குழாய் அடைபட்டால் நிமிஷத்துக்குச் சுமார் 19 லட்சம் நரம்புச் செல்கள் அழிகின்றன என்று 2006-இல் ஜெஃப்ரி சேவர் என்கிற அமெரிக்க நரம்பியல் மருத்துவர் கணக்கிட்டுச் சொன்னார்.

இங்கே முக்கியமான ஒரு விஷயம். "எனக்கு சுகர் கன்ட்ரோல்ல இருக்கு, கவலை இல்லை" என்று நிறைய பேர் சொல்கிறோம். பிரிட்டனில் சர்க்கரை நோயாளிகளை வைத்துப் பல வருஷம் நடந்த ஆய்வின் முடிவுகள் 1998-இல் வந்தன. சர்க்கரையைக் கண்டிப்பாகக் கட்டுப்படுத்தியவர்களுக்குக் கண், கிட்னி போன்ற நுண்குழாய்ச் சேதம் கால் பங்கு குறைந்தது. ஆனால் பக்கவாதம் அந்த ஆய்வுக் காலத்தில் தெளிவாகக் குறையவில்லை. அதே ஆய்வில், ரத்தக் கொதிப்பும் சேர்ந்து இருந்த 1148 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவின் சராசரி ரத்த அழுத்தம் 154/87. கூடுதல் அக்கறை எடுத்த பிரிவுக்கு 144/82. வித்தியாசம் மேல் எண்ணில் வெறும் பத்து. பக்கவாதம் எவ்வளவு குறைந்தது தெரியுமா? 44 சதவீதம்!

2004-இல் இன்னொரு ஆய்வு வந்தது. இதய நோய் வராத சர்க்கரை நோயாளிகளுக்கு ஒரு ஸ்டாடின் மாத்திரையைச் சிறிய அளவில் கொடுத்துப் பார்த்தார்கள். பக்கவாதம் கிட்டத்தட்டப் பாதியாகக் குறைந்தது. எனவே சர்க்கரையை மட்டும் பார்த்துக்கொண்டு பிரஷரையும் கொழுப்பையும் விட்டுவிடுவது, மூன்று கேஜ் உள்ள பேனலில் ஒன்றை மட்டும் பார்த்துவிட்டு லாக் புத்தகத்தில் கையெழுத்துப் போடுவது போலத்தான்.

இனி நான் சொல்லப் போவது நம்மில் ஒருவனுக்கு நடந்தது. அவன் பெயரைச் சொல்ல மாட்டேன். அவனிடம் கேட்டுவிட்டுத்தான் பேசுகிறேன். "நீ போய்ச் சொல்லுடா, நாலு பேருக்கு உபயோகமா இருக்கட்டும்" என்றான்.

விடுதியில் எங்கள் வரிசையில் இருந்தவன். கையெழுத்து அச்சு மாதிரி இருக்கும். அவனுடைய டிராயிங் ஷீட்டைப் பார்த்துத்தான் பாதி வகுப்பு பாஸ் ஆனது. முப்பத்தொரு வயதில் சர்க்கரை வந்தது. மாத்திரை போட்டுக்கொண்டிருந்தான். முப்பத்தாறாவது வயதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணி. காபி டம்ளர் வலது கையிலிருந்து நழுவி விழுந்தது. குனிந்து எடுக்கப் போனான், விரல் மடங்கவில்லை. மனைவியைக் கூப்பிட்டான், வார்த்தை குழறியது. அதற்கு முன்பு இரண்டு முறை அவனுக்குச் சர்க்கரை இறங்கி, வியர்த்து, பேச்சு தடுமாறியிருக்கிறது. அதனால் வீட்டில், "லோ சுகர்தான், ராத்திரி சரியா சாப்பிடலை" என்று முடிவு செய்து சர்க்கரைத் தண்ணீர் கொடுத்தார்கள். அது புரையேறியது. வீட்டில் குளூக்கோமீட்டர் இருந்தது, ஸ்ட்ரிப் தீர்ந்து போயிருந்தது. "கொஞ்சம் படுத்தா சரியாயிடும்" என்று படுக்க வைத்தார்கள்.

பத்து மணிக்கு அருகில் இருந்த ஒரு சிறிய மருத்துவமனைக்குப் போனார்கள். அங்கே ஸ்கேன் வசதி இல்லை. பெரிய மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். போய்ச் சேரும்போது மணி பன்னிரண்டே முக்கால். சர்க்கரை 240. ரத்த அழுத்தம் 170/100. அது லோ சுகரே இல்லை! மூளையின் இடது பக்கம் ஆழத்தில் ஒரு சின்னக் குழாய் அடைப்பு. கட்டியைக் கரைக்கும் ஊசி உண்டு. 1995-இல் வந்த ஆய்வு மூன்று மணி நேரத்துக்குள் அதைப் போட்டால் பலன் என்று காட்டியது. 2008-இல் அது நாலரை மணி நேரமாக நீண்டது. ஏழு மணியிலிருந்து எண்ணினால் பதினொன்றரையோடு கெடு முடிந்துவிட்டது. பெரிய குழாய் அடைப்பாக இருந்தால் கம்பி விட்டுக் கட்டியை வெளியே எடுக்கலாம், சிலருக்கு 24 மணி நேரம் வரைகூட. இது அதற்கும் எட்டாத சின்னக் குழாய்.

பேச்சு ஒரு வருஷப் பயிற்சியில் திரும்பி வந்தது. அந்த அச்சு மாதிரி கையெழுத்து திரும்பவில்லை. இப்போது இடது கையால் எழுதுகிறான். அந்த வீட்டில் யாருக்கும் அன்பு குறைவு இல்லை, படிப்பு குறைவு இல்லை. தெரியவில்லை, அவ்வளவுதான். எந்தப் பாடப் புத்தகத்தில் அவர்களுக்கு இதைச் சொல்லிக் கொடுத்தோம்?

சர்க்கரை நோயாளி வீட்டில் இந்தக் குழப்பம் வருவது இயல்பு. சர்க்கரை மிகவும் இறங்கினாலும் பக்கவாதம் மாதிரியே தெரியும். அதனால்தான் மருத்துவமனையிலும் ஊசி போடுவதற்கு முன் விரலில் குத்திச் சர்க்கரையைப் பார்த்தே தீருவார்கள். ஆகவே தயவுசெய்து இவற்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்று: முகம், கை, பேச்சு. சிரிக்கச் சொன்னால் வாய் ஒரு பக்கம் கோணுகிறதா? இரண்டு கையையும் தூக்கச் சொன்னால் ஒன்று இறங்குகிறதா? ஒரு வாக்கியம் சொல்லச் சொன்னால் குழறுகிறதா? இவற்றில் ஒன்று திடீரென்று வந்தாலும் பக்கவாதம் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். திடீர்த் தள்ளாட்டம், திடீரென்று பார்வை மறைவது, இவையும் சேர்த்தி.

இரண்டு: 108-க்குக் கூப்பிடுங்கள். கூப்பிட்டுவிட்டு, ஸ்ட்ரிப் கையில் இருந்தால் சர்க்கரை பாருங்கள். 70-க்குக் கீழே இருந்து, ஆள் நல்ல நினைவோடு, தடங்கலின்றி விழுங்க முடிந்தால் மட்டும் குளூக்கோஸ் கொடுங்கள். மற்றபடி வாயில் தண்ணீர்கூட ஊற்றக் கூடாது, மூச்சுக் குழாய்க்குள் போய்விடும். ஸ்ட்ரிப்பைத் தேடி நேரத்தைக் கழிக்கவும் கூடாது.

மூன்று: மருந்துக் கடையில் கேட்டு ஆஸ்பிரின் கொடுக்காதீர்கள். அடைப்பா, ரத்தக் கசிவா என்பதை சி.டி. ஸ்கேன் பார்த்துத்தான் சொல்ல முடியும். கசிவாக இருந்தால் அந்த மாத்திரையே வினையாகும். புறா ரத்தம் தடவுவது, எண்ணெய் நீவுவது என்று கிளம்பி விலைமதிப்பில்லாத மணி நேரங்களைத் தொலைத்தவர்கள் நம் ஊர்களில் எத்தனையோ பேர்.

நான்கு: கடைசியாக அவர் எத்தனை மணிக்கு நன்றாக இருந்தார் என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக்கொள்ளுங்கள். மருத்துவர் கேட்கும் முதல் கேள்வி அதுதான். மருத்துவமனையை முன்கூட்டியே விசாரித்து வையுங்கள்: 24 மணி நேரமும் ஸ்கேன் உண்டா, இந்த ஊசி போடுவார்களா என்று.

ஐந்து: பத்து நிமிஷத்தில் தானாகச் சரியாகிவிட்டால், "அப்பாடா" என்று விட்டுவிடாதீர்கள். அது பாய்லர் அலாரம் ஒரு முறை அடித்து நின்ற மாதிரி. பெரிய பக்கவாதம் வரும் ஆபத்து அடுத்த இரண்டு நாட்களில்தான் மிக அதிகம். அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

தம்பி தங்கைகளே, உங்களிடம் ஒரு வார்த்தை. நல்ல செய்திதான். வாசற்படியில் நிற்பவர்கள் உள்ளே போய்த்தான் ஆக வேண்டும் என்று விதி இல்லை. சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர் நடத்தி 2006-இல் வெளியிட்ட ஆய்வில், அப்படி நின்றவர்கள் நடைப் பயிற்சியும் உணவுக் கட்டுப்பாடும் கடைப்பிடித்தபோது மூன்று வருஷத்தில் சர்க்கரை நோய் வருவது சுமார் 28 சதவீதம் குறைந்தது. மாத்திரையும் கிட்டத்தட்ட அதே பலனைத்தான் தந்தது. தினம் அரை மணி நேரம் வேகமாக நடப்பதற்கு விலை ஒன்றும் இல்லை. ராத்திரி இரண்டு மணிக்குப் பரோட்டா, பிறகு ஒரு சிகரெட், காலை வகுப்பில் தூக்கம். நாங்களும் இருந்தோம், மறுக்கவில்லை. ஆனால் குழாய்க்கு ஞாபக சக்தி அதிகம். பெற்றோரில் ஒருவருக்குச் சர்க்கரை இருந்தால், வேலையில் சேரும் வருஷமே ஒரு தடவை சோதித்துப் பாருங்கள்.

வெளிநாட்டிலும் வெளி மாநிலத்திலும் இருக்கும் நண்பர்களே, ஊரில் இருக்கும் அப்பா அம்மாவிடம் போனில் "சாப்பிட்டீங்களா?" என்று தினம் கேட்கிறோம். கூடவே, "இந்த மாசம் பிரஷர் எவ்வளவு வந்துச்சு? மாத்திரை கையில இருக்கா?" என்றும் கேளுங்கள். தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் சர்க்கரைக்கும் ரத்தக் கொதிப்புக்கும் வீட்டுக்கே வந்து மாத்திரை கொடுக்கிறார்கள். வாங்கி அலமாரியில் வைத்துவிட்டு, "இப்ப நல்லாத்தானே இருக்கேன்" என்று நிறுத்திவிடுவதுதான் ஆபத்து.

இறுதியாக, சங்கத்தின் செயற்குழுவுக்கு மூன்று கோரிக்கைகள். விடுதிக் காப்பாளர் அறைகளில் ஒரு ரத்த அழுத்தக் கருவி, ஒரு குளூக்கோமீட்டர், தீராமல் ஸ்ட்ரிப். இது முதலாவது. ஆண்டுதோறும் இந்தக் கூடுகையின் காலை வேளையில், சாப்பாட்டுக்கு முன், எல்லாருக்கும் சர்க்கரை, பிரஷர் பரிசோதனை. அதற்குப் பிறகுதான் கேசரி. இது இரண்டாவது. மூன்றாவது, ஒவ்வொரு மாவட்டத்துக்கும் ஒரு முன்னாள் மாணவர் பொறுப்பெடுத்து, தம் பகுதியில் இரவு பகலாகப் பக்கவாத சிகிச்சை தரும் மருத்துவமனைகளை நேரில் விசாரித்துப் பட்டியல் எடுக்க வேண்டும். அதை அடுத்த ஆண்டு மலரின் பின் அட்டையில் அச்சிட வேண்டும். அங்கே வழக்கமாக விளம்பரம் வரும், வருமானம் குறையும் என்பது தெரியும். அந்தப் பக்கத்துக்கு உரிய தொகையை எங்கள் 2011 வகுப்பு ஏற்றுக்கொள்கிறது. மேடைக்கு வருவதற்கு முன் எங்களுக்குள் பேசி முடித்துவிட்டோம். என் மாவட்டத்துக்கான பட்டியலை நானே எடுத்துத் தருகிறேன். மற்ற மாவட்டங்களுக்கு யார் யார் என்பதை, மதியச் சாப்பாட்டு வரிசையில் நிற்கும்போது என்னிடம் பெயர் கொடுத்துவிடுங்கள், நோட்டுப் புத்தகத்தோடு நிற்பேன்.